சென்ட்ரல் லாக் மோட்டார்: ஒரு கதவு மட்டும் பூட்டாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?

#1 முதுநகர் (கடலூர்)

வணக்கம். பத்து வருஷம் தாண்டிய ஹேட்ச்பேக். கம்பெனியிலிருந்தே வந்த சென்ட்ரல் லாக். ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவும் சரியாகப் பூட்டுகின்றன. முன்பக்க இடது கதவு மட்டும் முனகிவிட்டு, பூட்டுக் குமிழ் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. காலையில் ஓரளவு வேலை செய்யும். வெயிலில் நின்றபின் அசைவே இல்லை. கையால் அழுத்தினால் பூட்டிக்கொள்கிறது.

கடையில் லாக் செட் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். டோர் பேட் (கதவின் உள்பக்க மூடிப் பலகை) கழற்றத் தெரியும், மல்டிமீட்டரும் கையில் உண்டு. பார்ட் வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும், கழற்றும்போது எங்கே கவனம் வேண்டும் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 லாஸ்பேட்டை_ஒயரிங் (புதுச்சேரி)

சார், நல்ல கேள்வி. மோட்டார் போய்விட்டது என்று கழற்றப்படும் கதவுகள் பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். அதனால் சோதனைதான் முதலில்.

மற்ற மூன்று கதவும் வேலை செய்வதால் ஃபியூஸ், ரிலே, ரிமோட் பேட்டரி எதையும் தொட வேண்டாம். பெரும்பாலான கார்களில் ஒரே ரிலேயிலிருந்துதான் டிரைவர் கதவு தவிர்த்த மற்ற கதவுகளுக்கு லைன் பிரிகிறது. மீதி நான்கு இடம்தான்: தூணுக்கும் கதவுக்கும் நடுவில் ரப்பர் உறைக்குள் போகும் ஒயர், லாக்கில் செருகியிருக்கும் கனெக்டர், மோட்டார், அப்புறம் மோட்டார் தள்ள வேண்டிய லாட்ச்சும் (கதவைப் பிடித்து வைக்கும் பூட்டுப் பொறி) ராடும் (அதை இயக்கும் கம்பி).

முதல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக் குமிழை விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். வலது கதவிலும் அதேபோல் தள்ளிப் பாருங்கள். இடது பக்கம் கனமாக இருந்தால் லாட்ச்சில் கிரீஸ் காய்ந்து உப்பும் தூசியும் சேர்ந்திருக்கிறது. அந்த நிலையில் புது மோட்டார் போட்டாலும் அது இதே பாரத்தைத் தள்ளித் தள்ளிச் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அடுத்து கரண்ட். இங்கே டிஜிட்டல் மல்டிமீட்டரை நம்பி ஏமாற வேண்டாம். லாக் ரிலே கரண்ட் கொடுப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் அது முடிந்துவிடும். இன்னொரு ஆபத்து: ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை. மோட்டாருக்குச் சில ஆம்பியர் வேண்டும். அந்த ஒற்றை இழையால் அதைத் தர முடியாது.

அதனால் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளுங்கள். லாக் கனெக்டரைப் பிடுங்கி, கதவு பக்க ஒயரில் மோட்டாருக்குப் போகும் இரண்டு பின்களில் பல்பை வையுங்கள். ரிமோட்டில் லாக் அழுத்தினால் ஒருமுறை பளிச்சென்று மின்ன வேண்டும், அன்லாக் அழுத்தினாலும் அப்படியே. இரண்டு முறையும் முழு வெளிச்சம் என்றால் ஒயர் பக்கம் குற்றமில்லை. மங்கலாக மின்னினால் ஒயரோ கனெக்டரோ. ஒரு திசையில் மட்டும் மின்னினால், அப்போது மட்டும் ரிலேயையோ கண்ட்ரோல் யூனிட்டையோ பார்க்க வேண்டும்.

எந்தப் பின் மோட்டாருடையது என்று கண்டுபிடிக்க, லாக் பக்கத்தில் ஓம் வைத்துப் பாருங்கள். மோட்டார் பின்கள் இரண்டுக்கும் நடுவே சில ஓம்கள் காட்டும். மற்ற பின்கள் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சுகளுடையவை. குமிழை நகர்த்தும்போதோ லாட்ச்சைத் திருப்பும்போதோ அவை இணைந்தும் பிரிந்தும் காட்டும்.

கடைசியாக மோட்டாருக்கு நேரடிக் கரண்ட். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயர், மோட்டார் பின்களில் மட்டும், தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும். துருவத்தை மாற்றினால் எதிர்த் திசையில் ஓடும். சுவிட்ச் பின்களில் மறந்தும் 12 வோல்ட் கொடுக்காதீர்கள். கனெக்டர் காரில் செருகியிருக்கும்போது கொடுத்தால் கண்ட்ரோல் யூனிட்டே போய்விடும்.

#3 கெடிலக்கரை (கடலூர்)

அண்ணன் சொன்னதோடு, சத்தத்தைக் கேட்டே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

சத்தமே இல்லையென்றால் ஒயர், கனெக்டர், அல்லது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடர்பு அற்றுப்போனது. கதவைத் திறந்து மூடும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வேலை செய்தால் ரப்பர் உறைக்குள் ஒயர் அறுந்திருக்கிறது, வேறு சந்தேகமே வேண்டாம். அதே கதவின் பவர் விண்டோவோ ஸ்பீக்கரோ விட்டு விட்டு வேலை செய்தால் அது இன்னும் உறுதி.

மோட்டார் முழு வேகத்தில் ‘விர்ர்’ என்று ஓடுகிறது, குமிழ் அசையவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் கியர் பல் போயிருக்கும், அல்லது ராடு கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும். ராடு கழன்றதற்குப் புது செட் வாங்கத் தேவையில்லை, கிளிப் போதும்.

முதுநகர் சார் சொல்வது முனகல். வெயிலில் மோசமாவதும் பொருந்துகிறது. பல லாக் மோட்டார்களில் சூடானால் தடையை ஏற்றிக் கரண்டைக் குறைக்கும் பாதுகாப்பு உறுப்பு ஒன்று உள்ளேயே இருக்கும். கதவின் தகடு வெயிலில் கொதிக்கும்போது அது சீக்கிரமே குறுக்கே நிற்கும். அதோடு கம்யூட்டேட்டரில் (மோட்டாருக்குள் பிரஷ் உரசும் செம்பு வளையம்) கரி படிந்து, பிரஷ்ஷும் தேய்ந்த மோட்டாரென்றால் தள்ளும் சக்தி போதாது.

#4 முதுநகர் (கடலூர்)

சொன்னபடி பார்த்தாயிற்று. கனெக்டரில் 21 வாட் பல்பு இரண்டு திசையிலும் முழு வெளிச்சம். கையால் தள்ளினால் இரண்டு கதவும் ஒரே லகு. நேரடிக் கரண்ட் கொடுத்தாலும் அதே முனகல், பாதியில் நிற்கிறது. ஆக மோட்டார்தான். லாட்ச்சும் மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்த செட். இனி கழற்றும் முறை சொல்லுங்கள்.

#5 லாஸ்பேட்டை_ஒயரிங் (புதுச்சேரி)

இப்போது பார்ட் வாங்கலாம். வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் 17 எழுத்துச் சேசிஸ் நம்பரைக் கொடுங்கள். ஒரே காரில் வேரியன்ட்டுக்கு ஒரு பின் எண்ணிக்கை இருக்கும். இடது வலது மாறும், முன் பின் மாறும். பழைய செட்டின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரோடு ஒப்பிட்டு, கனெக்டரின் உள்ளே பின்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

தேவையானவை: பிளாஸ்டிக் நெம்புகோல், ஸ்டார் (பிளஸ் தலை) ஸ்க்ரூ டிரைவர் 2, 3 நம்பர், டி30 டார்க்ஸ் பிட் (ஆறு முனைத் தலைக்கு), 10 மி.மீ. ஸ்பேனர், மாஸ்கிங் டேப், கூர்மையான கத்தி, டோர் பேட் கிளிப் ஒரு அரை டஜன் கூடுதலாக (பழைய காரில் சில உடைந்தே தீரும்), பியூட்டைல் டேப் (ஷீட் ஒட்டும் கறுப்புப் பசை நாடா), வெள்ளை லித்தியம் கிரீஸ்.

இடது கதவின் கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிடுங்கள். இறக்கி வைத்தால் லாட்ச் வெளியே வர இடம் கிடைக்காது. ஏற்றிய கண்ணாடியைக் கதவு ஃபிரேமோடு மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். வேறு ஏதாவது ஒரு கதவின் கண்ணாடியை இறக்கி வைப்பது அதைவிட முக்கியம். சாவி சட்டைப் பையில். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது சில கார்கள் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

பிறகு பேட்டரி நெகட்டிவ். பக்க ஏர்பேக் உள்ள சில கார்களில் கதவுக்குள் மோதல் சென்சார் இருக்கும். அப்படியென்றால் நெகட்டிவைக் கழற்றியபின் சில நிமிடம் விட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். அந்த சென்சார் ஒயர் கழன்றிருக்கும்போது இக்னிஷன் ஆன் செய்யக் கூடாது, ஏர்பேக் விளக்கு எரிந்து நிலைத்துவிடும். லாக்கைச் சோதிக்க இக்னிஷன் தேவையில்லை, ரிமோட்டே போதும்.

டோர் பேட்டின் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும் இடங்கள்: உள் கைப்பிடிக் கிண்ணத்துக்குப் பின்னால், கதவை இழுத்து மூடும் பிடியின் அடியில், சில கார்களில் கண்ணாடி மூலை முக்கோண மூடிக்குக் கீழே. எல்லாம் எடுத்தபின் அடியிலிருந்து நெம்பத் தொடங்குங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்புங்கள், பலகைக்குச் சேதமில்லாமல் கிளிப் கழலும். தூரத்தில் நெம்பினால் பேட் பலகை கிழியும். எல்லாக் கிளிப்பும் விட்டதும் பேட்டை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து கழலும். முழுசாக இழுக்காதீர்கள், பின்னால் சுவிட்ச் ஒயரும் கைப்பிடிக் கேபிளும் தொங்கும்.

அடுத்தது பேட்டுக்குப் பின்னால் கதவில் ஒட்டியிருக்கும் பாலித்தீன் ஷீட். இதை அவசரமாகப் பிய்ப்பவர்கள்தான் அதிகம். கறுப்புப் பசையின் குறுக்கே கத்தியை ஓட்டி, பாதிப் பசை ஷீட்டிலும் பாதி கதவிலும் தங்கும்படி மெல்லப் பிரியுங்கள். முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. லாக் பக்க ஓரத்தை மட்டும் பிரித்து மடித்து டேப்பால் ஒட்டி வைத்தால் போதும். பசை மீது மண் படக் கூடாது.

கையை உள்ளே விடுமுன் போட்டோ எடுங்கள். எந்த ராடு எந்தத் துளையில், எந்தக் கேபிள் மேலே, எது கீழே என்று பல கோணத்தில். பிளாஸ்டிக் கிளிப்பை ராடிலிருந்து பிரித்துச் சுழற்றினால் ராடு வெளியே வரும். இழுத்தால் கிளிப் உடையும். வெளிக் கைப்பிடி ராடில் மரை போட்ட சின்ன பிளாஸ்டிக் கொண்டை இருந்தால் மார்க்கரால் அதன் இடத்தைக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். அது ஒரு சுற்று மாறினாலும் கைப்பிடி எவ்வளவு இழுத்தால் கதவு திறக்கும் என்பது மாறிவிடும்.

லாட்ச்சைப் பிடித்திருப்பவை கதவு ஓரத்தில் தெரியும் மூன்று ஸ்க்ரூக்கள். அவை கழன்றதும் லாட்ச் கதவுக்குள் விழும். ஒரு கை உள்ளே பிடித்திருக்கட்டும். சில கார்களில் கண்ணாடி ஓடும் பின்பக்க ரெயிலின் கீழ் போல்ட்டையும் தளர்த்தி ரெயிலை ஒதுக்கினால்தான் லாட்ச் திரும்பி வெளியே வரும். வழி கிடைக்கவில்லையென்றால் பலம் போடாமல் அந்த போல்ட்டைத் தேடுங்கள்.

#6 பத்து_நம்பர்_ஸ்பேனர் (நெய்வேலி)

அந்த மூன்று ஸ்க்ரூ பற்றி இன்னும் சொல்ல வேண்டும், பலர் வேலையை நிறுத்துவது அங்கேதான்.

கம்பெனியிலேயே மரையில் பசை போட்டு இறுக்கியவை. அதன்மேல் நம் ஊர் உப்பு. ஜப்பானிய வழி வந்த கார்களில் அது பார்க்க ஸ்டார் மாதிரி இருந்தாலும் சாதாரண 2 நம்பர் ஸ்டார் பொருந்தாது. 3 நம்பர் பிட்டை வைத்துத் தட்டி உட்காரவைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். அசையவில்லையென்றால் சுத்தியால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர். அடிக்கும்போது இன்னொருவர் கதவை மறுபக்கம் தாங்கிப் பிடிக்கட்டும், இல்லையென்றால் கீல் அடி வாங்கும். முதல் தடவை வழுக்கியதுமே நிறுத்திவிடுங்கள். இரண்டாவது வழுக்கலில் தலை உருண்டுவிடும், பிறகு டிரில்தான்.

டார்க்ஸ் தலையென்றால் துளைக்குள் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் ஊசியால் சுரண்டிவிட்டுப் பிட்டை வையுங்கள். தீ காட்டுவது வேண்டாம், பெயின்ட் போகும்.

திரும்ப மாட்டும்போது நடுத்தர வலுவுள்ள நீலநிற மரைப்பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம்.

#7 அரியாங்குப்பம்_ஆட்டோ (புதுச்சேரி)

முழு செட் எதற்கு? முதுநகர் சாரின் லாட்ச் நன்றாக இருக்கிறது என்று சோதனையே சொல்கிறது. உள்ளே இருக்கும் மோட்டார் பல கார்களில் எஃப்.சி.280 எனப்படும் சின்ன அளவு, தட்டையான பக்கங்கள், 2 மி.மீ. தண்டு. ஆன்லைனில் தனியாகவே கிடைக்கிறது. செட் விலையில் சிறு பகுதிதான்.

செட்டை வெளியே எடுத்து, மோட்டார் அறையின் மூடியைத் திறக்க வேண்டும். சிலவற்றில் ஸ்க்ரூ, சிலவற்றில் பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டியிருப்பார்கள், அதை ரம்பத்தகட்டால் தையல் ஓரமாக அறுக்க வேண்டும். மூடியைத் தூக்கும்போது மெதுவாக. உள்ளே கியரைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் இருந்தால் பறந்துவிடும். பழைய மோட்டார் தண்டிலிருக்கும் பித்தளை அல்லது பிளாஸ்டிக் வார்ம் கியரை (திருகு மரை போன்ற பல்) நெம்பி எடுக்காமல், சின்ன புல்லர் (உருவும் கருவி) வைத்து நேராக உருவுங்கள். புது மோட்டாரில் ஏற்றும்போது பின்பக்கத் தண்டு முனைக்கு முட்டுக்கொடுத்து அழுத்த வேண்டும். மோட்டார் உடலைத் தாங்கி அழுத்தினால் உள்ளே பிரஷ் பக்கம் நசுங்கும். கியர் பழைய மோட்டாரில் எத்தனை மி.மீ. தள்ளி நின்றதோ அதே இடத்தில் நிற்க வேண்டும்.

வாங்கும்போது தண்டின் நீளம் பாருங்கள். ஒரே பெயரில் பல நீளம் விற்கிறார்கள். தண்டு வட்டமா, ஒரு பக்கம் சீவியதா என்பதும் முக்கியம். மின்முனையைத் தலைகீழாக வைத்துவிட்டால் அந்தக் கதவு மட்டும் லாக் அழுத்தும்போது திறக்கும், அன்லாக் அழுத்தும்போது பூட்டும். ஒயரை மாற்றினால் சரியாகிவிடும்.

#8 லாஸ்பேட்டை_ஒயரிங் (புதுச்சேரி)

நீங்கள் சொல்வது சரிதான் அண்ணே, ஆனால் எல்லோருக்கும் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். உருக்கி ஒட்டிய மூடியை அறுத்துத் திறந்தால் திரும்ப நீர் புகாதபடி மூட வேண்டும். அதில்தான் வேலை கெடுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான், வினிகர் வாடை அடிக்கும் வகை, காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடிய அறைக்குள் செம்பும் பித்தளையும் பச்சை பூத்துவிடும். வாடையில்லாத நியூட்ரல் சிலிக்கான்தான் போட வேண்டும். அறையின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளையை அடைத்துவிடவும் கூடாது.

சிலர் மோட்டாருக்குள் இருக்கும் அந்தப் பாதுகாப்பு உறுப்பைச் சோல்டர் வைத்துக் குறுக்கே இணைத்துவிடுகிறார்கள். உடனே வேகம் வரும். ஆனால் ரிலே ஒட்டிக்கொண்டு கரண்ட் நிற்காமல் போனால் மோட்டார் எரியும், கதவுக்குள் உருகும். அதைச் செய்யாதீர்கள்.

என் கணக்கு இதுதான். செட் சுலபமாகக் கிடைக்கும் கார், உள்ளே சின்ன சுவிட்சுகளும் பழசு என்றால் முழு செட். செட் விலை மலைக்க வைக்கிறது அல்லது கிடைக்கவே இல்லையென்றால் மோட்டார் மட்டும். கதவு திறந்திருக்கிறது என்று மீட்டரில் காட்டும் சுவிட்ச்சும் பல கார்களில் இந்த செட்டுக்குள்தான். மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு, பின்னர் உள் விளக்கு அணையாத குறைக்காக மறுபடியும் கதவைப் பிரிப்பது வீண்.

சென்னை புதுப்பேட்டையில் (பழைய வண்டி பார்ட் சந்தை) பழைய செட் வாங்குவதானால் அங்கேயே பேட்டரி கேட்டு மோட்டாரை இரு திசையும் ஓட்டிப் பார்த்து, சுவிட்ச் பின்களை ஓம் மீட்டரில் பார்த்த பிறகே வாங்குங்கள். லாட்ச்சின் நாக்கு (தூணிலுள்ள கொக்கியைப் பிடிக்கும் பகுதி) இரண்டு கட்டமாக ‘டக் டக்’ என்று பிடிக்க வேண்டும். ஒரு கட்டம்தான் பிடிக்கிறதென்றால் வேண்டாம், ஓடும்போது கதவு திறக்கும் ஆபத்து அது.

#9 அரியாங்குப்பம்_ஆட்டோ (புதுச்சேரி)

நியூட்ரல் சிலிக்கான் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். கிரீஸையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கியருக்குச் சிலிக்கான் கிரீஸ், லாட்ச்சின் இரும்பு நாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ், சாவித் துளைக்குக் கிராஃபைட் பொடி. கியரில் அரிசி மணி அளவு போதும், அதிகமானால் தூசியைச் சேர்க்கும். துரு நீக்கும் ஸ்பிரேயை லாட்ச்சில் அடித்துவிட்டு அப்படியே விடக் கூடாது. அது பழைய கிரீஸைக் கரைத்துக் கொண்டுபோய்விடும், சில வாரத்தில் முன்னைவிட இறுகும். ஸ்பிரேயால் கழுவித் துடைத்தபின் கிரீஸ் வைக்க வேண்டும்.

#10 உப்புக்காற்று (தேவனாம்பட்டினம்)

மோட்டார் ஏன் போனது என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. நம் ஊரில் அதுதான் பெரிய கேள்வி.

கதவுக்குள் மழைநீர் போவது இயல்பு. கண்ணாடி ஓர ரப்பரைத் தாண்டி வரும் நீர் கண்ணாடியின் வெளிப்பக்கமாகவே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் துளைகளில் வடிந்துவிடும்படிதான் கதவையே வடிவமைத்திருக்கிறார்கள். அந்த நீர் உள்பக்கம் தெறிக்காமல் தடுப்பது பாலித்தீன் ஷீட். ஸ்பீக்கர் மாட்டியவரோ பவர் விண்டோ பார்த்தவரோ ஷீட்டைக் கிழித்துவிட்டுப் போயிருந்தால் நீர் டோர் பேட்டின் பலகையில் ஏறி ஊறும், கார்ப்பெட்டில் இறங்கும். கனெக்டருக்குள்ளும் கசியும். அடித்துளை மணலால் அடைத்திருந்தால் கதவே தொட்டியாகிவிடும். தேவனாம்பட்டினம், புதுச்சேரிக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் தினமும் நிற்கும் காரென்றால் மணலோடு உப்பும் சேரும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் மழை இல்லாத நாளிலும் உள்ளே காய்வதில்லை.

டோர் பேட் கழன்றிருக்கும்போதே இதையெல்லாம் செய்துவிடுங்கள்: அடித்துளைகளைப் பிளாஸ்டிக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள் (இரும்புக் கம்பி வேண்டாம், பெயின்ட் சுரண்டி அங்கிருந்து துரு தொடங்கும்). ஒரு குவளை நல்ல தண்ணீர் கண்ணாடி ஓரம் ஊற்றி, உடனே அடியில் வடிகிறதா பாருங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, முழுவதும் உலர்ந்தபின் மின்கடத்தாக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

ஷீட்டை ஒட்டப் பழைய பியூட்டைல் மண் படாமல் இருந்தால் அதுவே போதும், கையால் அழுத்தினால் பிடிக்கும். இல்லையென்றால் புது பியூட்டைல் டேப். இரட்டைப் பக்க டேப், பேக்கிங் டேப் எல்லாம் கதவின் சூட்டில் முதல் கோடைக்குள் விட்டுவிடும். ஷீட் கிழிந்திருந்தால் கெட்டியான பாலித்தீனை அதே அளவில் வெட்டிக்கொள்ளலாம். ஷீட்டின் கீழ் ஓரம் கதவுத் தகட்டின் உள்ளே நீர் திரும்பிப் போகும்படி அமைந்ததா என்று பழையதைப் பார்த்து அப்படியே வையுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் நீரில் நின்ற கார்களுக்கும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளத்தில் சிக்கிய கடலூர்ப் பக்கக் கார்களுக்கும் இது இன்னும் பொருந்தும். நீர் சீட் உயரம் வரை ஏறிய காரில் லாக் அன்றைக்கே நிற்க வேண்டுமென்றில்லை. உள்ளே தங்கிய சேறும் ஈரமும் கம்யூட்டேட்டரை மெல்ல அரித்துப் பல மாதம் கழித்துக் காட்டும். அப்படிப்பட்ட பழைய கார் வாங்குகிறவர்கள் டோர் பேட் ஒன்றைக் கழற்றி அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

#11 வில்லியனூர்_ஆல்டோ (புதுச்சேரி)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது வெளியில் வாங்கிப் பொருத்திய சென்ட்ரல் லாக் கிட். ராடோடு சேர்த்துக் கட்டும் தனி மோட்டார்கள். டிரைவர் கதவைப் பூட்டினால் நான்கும் பூட்டி உடனே திறந்து, மறுபடியும் பூட்டுகின்றன. நான்கு மோட்டாரும் மாற்ற வேண்டுமா?

#12 லாஸ்பேட்டை_ஒயரிங் (புதுச்சேரி)

வேண்டாம், ஒன்றே ஒன்றுதான். டிரைவர் கதவில் இருப்பது ஐந்து ஒயர் மோட்டார், மற்ற மூன்றும் இரண்டு ஒயர். ஐந்தில் இரண்டு மோட்டாருக்கு, வழக்கமாக நீலமும் பச்சையும். மீதி மூன்றும் உள்ளே இருக்கும் சுவிட்ச். கறுப்பு பொது, வெள்ளையும் பழுப்பும் ‘பூட்டு’, ‘திற’ என்று மாட்யூலுக்கு (கிட்டின் கண்ட்ரோல் பெட்டிக்கு) செய்தி சொல்பவை. நிறம் கிட்டுக்குக் கிட்டு மாறலாம், அதனால் மீட்டரில் உறுதிசெய்யுங்கள்.

கனெக்டரைப் பிடுங்கி, ராடைக் கையால் ஒரு கோடிக்கு இழுத்துக் கறுப்புக்கும் வெள்ளைக்கும், மறு கோடிக்குத் தள்ளிக் கறுப்புக்கும் பழுப்புக்கும் தொடர்பு பாருங்கள். ஒரு கோடியில் ஒன்றுதான் இணைய வேண்டும். இரண்டும் சேர்ந்து இணைந்தாலோ, கோடியில் நிற்கும்போது விட்டு விட்டு வந்தாலோ சுவிட்ச் போய்விட்டது. மாட்யூல் மாறி மாறி இரண்டு உத்தரவையும் கேட்டு ஆடுகிறது. அந்த ஐந்து ஒயர் மோட்டாரை மட்டும் மாற்றுங்கள்.

சுவிட்ச் சரியாக இருந்தால் பொருத்திய இடம் தவறு. இந்த மோட்டாரின் ராடு மொத்தம் சுமார் 20 மி.மீ. ஓடும். கதவின் குமிழ் நடுவில் இருக்கும்போது மோட்டார் ராடும் நடுவில் இருக்கும்படி ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளிப் பொருத்தினால் ஒரு கோடியை எட்டாமலே நின்று சுவிட்ச் நடுவில் தடுமாறும். மோட்டார் ராடு, கதவு ராடு இரண்டும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். குறுக்காக வைத்தால் பாதி பலம் வளைப்பதிலேயே போகும். டோர் பேட் போடுவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் இறக்கி, மோட்டாரிலோ ராடிலோ உரசாமல் போகிறதா பாருங்கள்.

#13 திருப்பாதிரிப்புலியூர்_டிரைவர் (கடலூர்)

கதவு மூடிய நிலையிலேயே மோட்டார் சிக்கிவிட்டால் என்ன செய்வது? பின் கதவு. வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் திறக்கவில்லை. டோர் பேட் ஸ்க்ரூ சில கதவைத் திறந்தால்தான் எட்டும்.

#14 பத்து_நம்பர்_ஸ்பேனர் (நெய்வேலி)

முதலில் சைல்டு லாக் போட்டிருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். போட்டிருந்தால் உள் கைப்பிடி எதுவும் செய்யாது, வெளிக் கைப்பிடியில்தான் முயல வேண்டும். ஒருவர் வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் ரிமோட்டில் அன்லாக் அழுத்தும் அதே நேரத்தில் மூன்றாமவர் உள்ளிருந்து லாட்ச் இருக்கும் இடத்துக்கு நேராக டோர் பேட்டில் உள்ளங்கையால் தட்டட்டும். சிக்கியது கியர் என்றால் பல நேரம் அதிர்வில் விடும். குமிழ் உள்ள கதவென்றால் மோட்டார் அன்லாக் செய்யும் நொடியில் குமிழையும் சேர்த்து மேலே இழுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் பின் சீட்டின் அடி மெத்தையை எடுத்தால் கைக்கு இடம் கிடைக்கும். எட்டும் ஸ்க்ரூக்களை எடுத்து, பேட்டை லாக் பக்க மேல்மூலையிலிருந்து மெதுவாக விலக்கினால் உள்ளே கைவிட்டு லாக் ராடை விரலால் தள்ளிவிடலாம். பேட் ஓரம் கொஞ்சம் வளையும். வெளிப்பக்கத் தகட்டை நெம்புவது, கண்ணாடி இடுக்கில் கம்பி விடுவது வேண்டாம். கம்பி, ஒயரையோ ஏர்பேக் சென்சாரையோ கொக்கியில் மாட்டி இழுத்துவிடும்.

#15 கெடிலக்கரை (கடலூர்)

முதுநகர் சாருக்கு, திரும்ப மாட்டும்போது ஒரே ஒரு விதி: சோதித்து முடியும்வரை கதவை மூடாதீர்கள். மேலே 13இல் சொன்ன நிலை பெரும்பாலும் இதை மறப்பதால்தான் வருகிறது.

லாட்ச்சை வைத்து மூன்று ஸ்க்ரூவையும் விரலால் பிடிக்கவையுங்கள். ராடுகள், கேபிள்கள், கனெக்டர் எல்லாம் மாட்டிய பிறகு இறுக்குங்கள். பேட்டரியை இணைத்துவிட்டுக் கதவு திறந்தபடியே, ஸ்க்ரூ டிரைவரால் லாட்ச்சின் நாக்கை உள்ளே தள்ளுங்கள். இரண்டாவது ‘டக்’ வரும்வரை. இப்போது கதவு மூடியதாக லாட்ச் நினைத்துக்கொள்ளும். வெளிக் கைப்பிடியை இழுங்கள், நாக்கு விட வேண்டும். மறுபடி தள்ளி, உள் கைப்பிடி. மறுபடி தள்ளி, ரிமோட்டில் லாக் செய்து வெளிக் கைப்பிடியை இழுங்கள், இப்போது விடக் கூடாது. ரிமோட்டில் அன்லாக், விட வேண்டும். சாவித் துளை உள்ள கதவென்றால் சாவியாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பேட்டரி இறங்கிய நாளில் அந்த ஒரு வழிதான் மிஞ்சும்.

இவை எல்லாம் சரியென்றால், நாக்கைத் திறந்த நிலையில் விட்டுத்தான் கதவை மூட வேண்டும். மூடிய நாக்கோடு கதவை அறைந்தால் தூணில் இருக்கும் கொக்கியில் மோதி இரண்டும் நசுங்கும்.

#16 முதுநகர் (கடலூர்)

முழு செட்டே வாங்கிப் போட்டாயிற்று. பார்ட் நம்பர் கடைசி எழுத்து மட்டும் வேறு, பின் எண்ணிக்கை ஒன்றே, சரியாகப் பொருந்தியது. லாட்ச் ஸ்க்ரூ 3 நம்பர் பிட்டிலேயே வந்துவிட்டது. அடித்துளை இரண்டும் அடைத்திருந்தன, ஷீட்டின் கீழ் ஓரம் முன்பே யாரோ கிழித்திருக்கிறார்கள், புது பியூட்டைல் போட்டு மூடினேன். இப்போது பேட்டரி மாட்டியபின் பவர் விண்டோ ஒரே அழுத்தில் முழுவதும் ஏற மறுக்கிறது. ஒயர் ஏதும் விட்டுவிட்டதா?

#17 லாஸ்பேட்டை_ஒயரிங் (புதுச்சேரி)

இல்லை சார், பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் அந்த நினைவு அழியும். கண்ணாடியை முழுவதும் இறக்கி, சுவிட்ச்சை மேலே இழுத்துப் பிடித்தபடி முழுவதும் ஏற்றி, ஏறி முடிந்தபிறகும் சில நொடி பிடித்திருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். முறை காருக்குக் கார் கொஞ்சம் மாறும், உரிமையாளர் கையேட்டில் பவர் விண்டோ பக்கத்தில் இருக்கும்.

அந்தப் பழைய செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ராடு கிளிப்புகள், கனெக்டர் வீடு, ஸ்பிரிங் எல்லாம் தனியாகக் கிடைக்காதவை. வலது கதவுக்கும் அதே வயசுதான், இந்த மழைக்காலத்துக்கு முன் அதன் அடித்துளைகளையும் குத்திவிடுங்கள்.